நாள் எண்ணுகிறவரை என்னவென்று கூப்பிடுவது?

மார்ச் 3 – ஒருவர் கேட்ட கேள்வி

ஆங்கிலத்தில் ஷார்ட் டைமர் என்று ஒரு சொல் இருக்கிறது. வேலையோ சேவையோ முடியக் கொஞ்ச நாளே பாக்கி இருப்பவர். தமிழில் இதற்கு ஒரு சொல்கூட இல்லை என்பது என் கட்சி. இருந்தால் யாராவது காட்டுங்கள்.

மார்ச் 4

இல்லை என்று எப்படி அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள்? செல்லாக்காசு இருக்கிறது, பல் பிடுங்கிய பாம்பு இருக்கிறது. அலுவலகத்தில் "அவர் பேப்பர் போட்டுட்டாரு" என்கிறோம். "மூட்டையைக் கட்டியாச்சு", "நடையைக் கட்டப்போறார்" எல்லாம் வேறு என்னவாம்?

மார்ச் 4, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். கேள்விக்கு அது பதிலே இல்லை. பேப்பர் போடுவது ஒரு நாள் காரியம். போட்ட பிறகு அந்த ஆள் இரண்டு மூன்று மாதம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த ஆளுக்குத்தான் பெயர் கேட்கிறார்கள். செல்லாக்காசும் பாம்பும் அதிகாரம் போனவனைச் சொல்பவை. தனக்கு எந்த அதிகாரமும் இருந்ததில்லை என்கிற கடைநிலை ஊழியரைப் பல் பிடுங்கிய பாம்பு என்றால் அவரே சிரிப்பார்.

மார்ச் 6

ஷார்ட் டைமர் பற்றிக் கொஞ்சம். வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் வாயில் இது நன்றாகப் புழங்கியது. தரைப்படைக்காரனுக்கு அங்கே 12 மாதம், மரீன் படைக்காரனுக்கு 13 மாதம். படைப்பிரிவு மொத்தமாக வந்து மொத்தமாகத் திரும்பவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்தார்கள், தனித்தனித் தேதியில் போனார்கள். அந்தத் தேதிக்கு டெரோஸ் என்று பெயர். பக்கத்துப் படுக்கையில் இருப்பவனுக்கு இன்னும் 200 நாள், எனக்கு 20 என்று ஆனால் எண்ணாமல் எப்படி இருப்பது?

ஷார்ட் என்றால் குறைவு, குள்ளம் இரண்டும்தான். அதை வைத்தே கேலி. "நான் எவ்வளவு ஷார்ட் தெரியுமா, சாத்தின கதவுக்கு அடியிலே நடந்து போயிடுவேன்." நாள் குறையக் குறைய ஆள் குள்ளமாகிக்கொண்டே போவான். படம் ஒன்றை நூறு துண்டாகக் கோடு போட்டுப் பிரித்து, நம்பர் போட்டு, தினம் ஒரு துண்டுக்கு வர்ணம் அடிக்கும் காலண்டரும் உண்டு. பெரும்பாலும் என்ன படம் என்பதை இங்கே எழுத முடியாது.

மார்ச் 9

சோவியத் படையில் கடைசி ஆறு மாதத்தில் இருக்கிறவனுக்கு தெத் என்று பெயர். அர்த்தம், தாத்தா. இத்தாலியில் கட்டாயச் சேவை இருந்த காலத்தில் அதே ஆள் நோன்னோ, அதுவும் தாத்தா. ஸ்பெயினில் அபுவேலோ, மறுபடியும் தாத்தா. இவர்களுக்கெல்லாம் வயது இருபது, இருபத்தொன்று! ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்ததாகத் தெரியவில்லை. ஒரு கொட்டகையில் வந்து போகிறவர்கள் மட்டுமே இருந்தால், அதிக நாள் இருந்தவன் தாத்தா ஆகிவிடுகிறான் போல.

கேட்கச் செல்லமாக இருக்கிறது, ஆனால் செல்லம் இல்லை. ரஷ்ய மொழியில் தெதொவ்ஷ்சினா என்றால் இந்தத் தாத்தாக்கள் புதியவர்களை அடித்து உதைத்து அடிமை வேலை வாங்கும் வழக்கம். உயிரும் போயிருக்கிறது. இத்தாலியிலும் நோன்னோவிலிருந்து நோன்னிஸ்மோ என்று அதற்கென்றே சொல் வந்தது. போகப்போகிறவன் எல்லோரும் பாவப்பட்டவன் என்று நினைத்துக்கொண்டு இதைத் தொடங்கினேன். அப்படி இல்லை.

மார்ச் 10

திருத்தம். நேற்று தெத்தையும் தெம்பெலையும் மனதில் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு இரண்டு முறை பாதுகாப்பு அமைச்சரின் விடுவிப்பு ஆணை வரும். அது வரும்வரை அவன் தெத். வந்த பிறகு, வீட்டுக்குப் போகும்வரை, தெம்பெல். டிமோபிலைசேஷன் என்பதன் சுருக்கம்தான் தெம்பெல். அந்த ஆணைக்கு முந்தைய நூறு நாளுக்கும் தனிப் பெயர் உண்டு. பதவியில் ஏறப் படி இல்லாதவர்கள் நாளிலேயே படி கட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 14

பதவி முடியக் காத்திருக்கும் தலைவரை ஆங்கிலத்தில் லேம் டக் என்பார்கள். "லேம் டக்கை நொண்டி வாத்து என்று சொல்லிவிட்டால் போயிற்று" என்கிறார் ஒருவர். சொல்லலாம். கேட்கிறவர் வாத்தைத் தேடுவார். பத்திரிகையில் வரும் காபந்து என்ற சொல்லை இன்னொருவர் காட்டினார். நல்ல சொல்தான், ஆனால் காபந்து அரசு என்றால் அடுத்தவர் வரும்வரை பொறுப்பைப் பார்த்துக்கொள்கிற அரசு. அதில் பாதுகாப்புத்தான் தெரிகிறது, நொண்டல் தெரியவில்லை.

அந்த வாத்து முதலில் அரசியல்வாதியே இல்லை. 18ஆம் நூற்றாண்டு லண்டன் பங்குச் சந்தையில் கடனைக் கட்ட முடியாமல் போன தரகரை அப்படிச் சொன்னார்கள். 1761இல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு கடிதத்தில் காளை, கரடி, நொண்டி வாத்து மூன்றும் என்னவென்று தெரியுமா என்று கேட்கிறார். காளையும் கரடியும் சந்தையிலேயே தங்கிவிட்டன. வாத்து மட்டும் அமெரிக்க அரசியலுக்குப் போனது. நவம்பரில் தேர்தல், புதிய ஜனாதிபதி பதவியேற்பதோ மார்ச் 4. நான்கு மாதம் பழையவர் நொண்ட வேண்டும். 1933இல் நிறைவேறிய 20ஆவது திருத்தம்தான் அதை ஜனவரி 20க்குக் கொண்டுவந்தது. அந்தத் திருத்தத்துக்கே லேம் டக் திருத்தம் என்று செல்லப்பெயர்.

என் முதல் குறிப்பின் தேதி மார்ச் 4 என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

மார்ச் 21

இனி மறைக்க ஒன்றுமில்லை. நானும் பேப்பர் போட்டவன்தான். கடைசி நாள் மே 31. இன்றைய கணக்குக்கு 71.

ஏன் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று கேட்டவருக்கு அதுதான் பதில். இன்னொரு காரணமும் இருக்கிறது. போன வாரம் அம்மாவிடம் போனில் "நாள் எண்ணிக்கிட்டு இருக்கேம்மா" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம் "வாயைக் கழுவுடா" என்றாள். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. தமிழில் நாள் எண்ணுகிறவன் சாகக் கிடக்கிறவன். அந்தச் சொற்றொடரில் சாவு முன்கூட்டியே துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டது. வேலை முடிகிறவன் எங்கே போய் உட்காருவான்? நமக்குச் சொல் இல்லாததற்குக் காரணமே இதுதான் என்று தோன்றுகிறது.

மார்ச் 22

நேற்றைய தத்துவம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. "நாள் நெருங்கிடுச்சு" என்பதைப் பிரசவத்துக்கும் சொல்கிறோமே என்று கேட்டிருக்கிறார் ஒருவர். சரிதான். சிறையில் இருக்கிறவன் கம்பி எண்ணுகிறான், அதுவும் எண்ணல்தான். நாளை விட்டுவிட்டுக் கம்பியை எண்ணுவது ஏன் என்பது தனி ஆராய்ச்சி. கம்பி குறையாது.

இன்னொன்று. எண்ணுவது என்றால் கணக்கிடுவது, நினைப்பது இரண்டும். நாளை என்பது "நாள் + ஐ", அடுத்த நாளும் அதுவே. ஆகவே "நாளை எண்ணுகிறேன்" என்று எழுதினால் பாக்கி நாட்களைக் கணக்கிடுகிறேனா, நாளைய தினத்தைப் பற்றி யோசிக்கிறேனா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. என் நிலைமையும் அப்படித்தான் இருக்கிறது. அம்மாவிடம் இப்படிச் சொல்லியிருக்கலாம். திட்டு மட்டும் அதேதான் விழுந்திருக்கும்.

ஏப்ரல் 2

59.

எதை எண்ணுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் காலையைத்தான் எண்ணுகிறார்கள்! அமெரிக்கச் சிப்பாய் "பத்து நாளும் ஒரு விழிப்பும்" என்பான். கடைசி நாள் ஒரு நாளே இல்லை, கண் விழித்துக் கிளம்புகிறோம், அவ்வளவுதான் என்பது கணக்கு. பின்லாந்தில் டி.ஜே. என்ற இரண்டு எழுத்து. "இன்று பாக்கி" என்பதன் சுருக்கம், பக்கத்தில் ஒரு எண். சேவைக்காலம் ஆளைப் பொறுத்து 165, 255, 347 நாள். அவர்கள் எண்ணுவதும் காலைகளைத்தான். பிரெஞ்சுக்காரன் ஜூ என்று எண்ணினான், காலையில் கொடுக்கும் காப்பிக்கு அங்கே அது கொச்சைப் பெயர். விடுதலைக்கு அவன் வைத்த பெயர் கீய். பந்தை உருட்டிச் சாய்ப்பார்களே, அந்த மரக்கட்டைக்கும் அதே சொல். கட்டையில் வர்ணம் பூசிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். 2001இல் கட்டாயச் சேவை போனது. சொல் போகவில்லை, இன்றும் விடுமுறை தொடங்கினால் கீய்தான்.

இரவை எண்ணுகிறவர் யாரையும் நான் பார்க்கவில்லை. கடத்த வேண்டியது இரவு அல்ல, பகல் என்பதாலா?

ஏப்ரல் 3

துருக்கியை மறந்தே போனேன். அதுதான் இருப்பதிலேயே அழகு. அங்கே ஷஃபக் என்று எண்ணுகிறார்கள், விடியல் என்று பொருள். "எத்தனை விடியல்?" என்பதுதான் கேள்வி. துருக்கியில் 81 மாகாணங்கள், ஒவ்வொன்றுக்கும் வண்டி நம்பர் பலகையில் ஒரு எண். பாக்கி 81க்குக் கீழே இறங்கிவிட்டால் எண்ணுக்குப் பதில் மாகாணத்தின் பெயரைச் சொல்வார்கள். 35 என்றால் இஸ்மிர், 34 இஸ்தான்புல், 6 அங்காரா, 1 அடானா. நாட்டையே நடந்து கடந்து வீட்டுக்குப் போகிற மாதிரி.

எனக்கு இன்று 58. சிவாஸ்.

ஏப்ரல் 11

50. ஜெர்மன்காரர்கள் துணி அளக்கும் டேப்பை எடுத்தார்கள். 150 சென்டிமீட்டர், கடைசி 150 நாள். தினம் ஒரு சென்டிமீட்டர் கத்தரித்துப் போட வேண்டும். நாடு இரண்டாகப் பிரிந்திருந்தபோது சுவரின் இரு பக்கத்துப் படையிலும் இதே டேப், இதே கத்தரிக்கோல். கிழக்கில் கடைசி அரையாண்டில் இருந்தவனுக்கு ஈ.கா. என்று பெயர், விடுவிப்பு வேட்பாளர் என்பதன் சுருக்கம். பதினெட்டு மாதச் சேவையில் மூன்றில் ஒரு பங்கு வேட்பாளராகவே போகும்.

வீட்டில் இருந்த டேப்பை எடுத்து 50க்கு மேலே உள்ளதை ஒரே வெட்டாக வெட்டிவிட்டேன்.

ஏப்ரல் 12

மனைவி டேப்பைத் தேடினாள். மேற்கொண்டு விவரம் வேண்டாம்.

ஏப்ரல் 19

மறுபடியும் முதல் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு நாள் பொறுக்கியதைப் பார்த்தால் இரண்டு வகையாகப் பிரிகிறது. தன்னைத் தானே சொல்லிக்கொள்வது ஒன்று: ஷார்ட், டி.ஜே., விடியல், தெம்பெல். எல்லாம் பீற்றல். அடுத்தவர் நம்மைச் சொல்வது இன்னொன்று: நொண்டி வாத்து வகை. அமெரிக்கப் படையிலேயே ரோட் என்று ஒரு சொல் இருக்கிறது. "பணியில் இருந்தபடியே ஓய்வு பெற்றவர்" என்பதன் முதலெழுத்துகள். சம்பளம் வாங்குகிறார், வேலை செய்வதில்லை என்று அர்த்தம். தன்னையே ரோட் என்று சொல்லிக்கொண்டால் அவர் ரொம்பத் துணிந்தவர்.

ஜப்பானில் 1970களின் பிற்பகுதியில் ஜன்னலோரக் கூட்டம் என்று ஒரு சொல் பரவியது. வேலையை விட்டு அனுப்பவும் முடியாது, கொடுக்க வேலையும் கிடையாது என்றால் ஜன்னல் பக்கம் இடம். போகச் சொல்லி ஜாடை காட்டுவதற்குப் பெயர் தோள் தட்டல். மிச்ச விடுப்பை எடுத்துத் தீர்ப்பதை அவர்கள் செரிப்பது என்பார்கள். மொத்தத்தில் ஒரு ஆளை எப்படி அனுப்புவது என்பதற்கு முழு அகராதியே இருக்கிறது.

என் முடிவு: கட்டாயத்தால் வந்தவன் பீற்றுவான், விரும்பி வந்தவனைப் பற்றி மற்றவர் பேசுவார்.

ஏப்ரல் 19, கொஞ்ச நேரம் கழித்து

அப்படியும் சொல்லிவிட முடியாது. நானே விரும்பிச் சேர்ந்த வேலை. நானேதான் டேப்பையும் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 27

இஸ்தான்புல்.

மே 6

25. சொல் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். இத்தனை நாள் பெயர்ச்சொல்லையே தேடியதுதான் தப்பு.

இன்று ஒரு கூட்டம். அடுத்த அரையாண்டுத் திட்டம். ஒரு கெடு நடக்காது என்று சொன்னேன், காரணமும் சொன்னேன். பதினோரு வருடம் அந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த இளைஞர் சிரித்துக்கொண்டே "உங்களுக்கென்ன சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பேப்பர் போட்ட நாளிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். லீவு கேட்டால் "உங்களுக்கென்ன". வேலை அதிகம் என்று முணுமுணுத்தால் "உங்களுக்கென்ன". ஒரு தப்பைச் சுட்டிக்காட்டினால் "உங்களுக்கென்ன, நீங்க போயிடுவீங்க, நாங்கல்ல மாட்டிக்கிட்டு முழிக்கணும்". அதில் பொறாமை கொஞ்சம், கேலி கொஞ்சம். உன் பேச்சு இனி இங்கே செல்லாது என்பதும் இருக்கிறது. நொண்டி வாத்துக்கும் ஷார்ட் டைமருக்கும் சேர்த்து இரண்டே சொல்லில் வேலை முடிந்தது. கடுமையாக ஒரு வார்த்தைகூட இல்லாததால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

எங்கள் பிரிவில் முன்பு ஒருவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. "உங்களுக்கென்ன சார்" என்று அவரிடம் நானே எத்தனை முறை சொல்லியிருப்பேன் தெரியவில்லை.

மே 7

"உங்களுக்கென்ன என்பதைப் புது வீடு கட்டினவரிடமும் சொல்வோம், மாமியார் வீடு பக்கத்துத் தெருவில் இருப்பவரிடமும் சொல்வோம். அதை எப்படி இதற்கான சொல் என்கிறீர்கள்?" நியாயம்தான். இதற்கு மட்டுமே உரிய சொல் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வீடு கட்டினவருக்கு அது வாழ்த்து மாதிரி. எனக்குக் கதவைச் சாத்துகிற மாதிரி. சொல் ஒன்றே, தொனி வேறு. அகராதியில் போட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மே 17

14. கொரியாவில் ஒரு படைமொழி: கடைசிக்காலத்தில் உதிர்கிற இலையிடம்கூட ஜாக்கிரதையாக இரு. வெளியே போகிற சமயத்தில் ஏதாவது வந்து மேலே விழுந்து எல்லாம் கெட்டுவிடும் என்ற பயம். அந்தக் காலத்துக்கு அவர்கள் சொல்வது மல்நியொன், கடைசி ஆண்டுகள். ஆயுளின் கடைசி ஆண்டுகளுக்கும் அதே சொல்தான். ஆக, நம் அம்மாக்கள் மட்டும் பயப்படவில்லை.

என் மரத்தில் இலை எதுவும் இல்லை.

மே 21

இருந்தது.

பொதுக் கோப்புறையில் என் சொந்தக் கோப்புகள் கிடந்தன. போகிறபோது சுத்தமாக விட்டுப்போவோம் என்ற நல்லெண்ணத்தில் அழித்தேன். என் பெயரில் இருந்ததெல்லாம் என்னுடையது என்று நினைத்துவிட்டேன். நான்கு வருடத்துக்கு முன்னால் அணி முழுவதும் பயன்படுத்தட்டும் என்று நானே உருவாக்கிய கோப்புறையும் என் பெயரில்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். காப்புப் பிரதியிலிருந்து மீட்க மாலை ஆறாகிவிட்டது. அதுவரை நான் தண்ணீர்கூடக் குடிக்கப் போகவில்லை.

யாரும் திட்டவில்லை என்பதுதான் விஷயம். ஆறு மாதம் முன்னால் என்றால் விளக்கக் கடிதம் கேட்டிருப்பார்கள். இன்று மேலாளர் தோளில் கை வைத்து "விடுங்க, பார்த்துக்கலாம்" என்றார். தோள் தட்டல் என்று நான்தானே எழுதினேன்.

மே 25

அங்காரா. ஆங்கிலச் சிறைக் கொச்சையில் கேட் ஃபீவர் என்று ஒன்று, வாசல் காய்ச்சல். விடுதலை நெருங்க நெருங்கத் தூக்கம் வராது, எதற்கெடுத்தாலும் எரிச்சல். வெளியே போக ஆசை, வெளியே என்ன இருக்கிறது என்று பயம். இதைச் சிறைக்கு மட்டும் ஏன் வைத்தார்களோ. இரண்டு நாளாகக் காலை நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

கேள்வி கேட்டவர் காணாமலே போய்விட்டார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

மே 30

அடானா. ஒப்படைப்புக் குறிப்பு முடிந்தது, 31 பக்கம். எடுத்துக்கொள்கிறவர் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அதே இளைஞர்தான். "இதெல்லாம் யார் சார் படிப்பாங்க, உங்களுக்கென்ன" என்றார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 6ஆம் பக்கத்தில் எழுதியிருந்த அந்தக் கெடு ஏன் நடக்காது என்று கேட்டார். முக்கால் மணி நேரம் பேசினோம்.

மே 31

பூஜ்யத்தை எண்ணாகக் கொண்ட மாகாணம் கிடையாது. அன்றைக்குத் துருக்கிக்காரன் சொல்வது, உதிக்கும் சூரியன்.

டேப்பில் கடைசி ஒரு சென்டிமீட்டர் பாக்கி. காலையில் வெட்டப் போனால் நுனியில் தகட்டுப் பூண் போட்டிருக்கிறது, கத்தரிக்கோல் ஏறவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டவர் பையில் வேறு ஏதாவது அலுவலகச் சாமான் இருக்கிறதா என்று கேட்டார். அதை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில் புது டேப் ஒன்று வாங்கினேன். வீட்டில் பழையதைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை.